இரண்டு காகிதக் கம்பெனிகள்

பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் என்றால் கலை, அமெரிக்கத் தொடர் என்றால் வியாபாரம் என்றொரு பேச்சு இலக்கிய நண்பர்களிடையே வெகுகாலமாக உண்டு. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் மறுப்பது சிரமமாக இருக்கிறது. ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதிய ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ 1975இல் ஆறு, 1979இல் ஆறு என்று 12 பகுதிகளோடு நின்றுவிட்டது. அமெரிக்காவிலோ ஒரு நகைச்சுவைத் தொடர் ஏறக்குறைய நூறு பகுதிகளை எட்டினால்தான் மறுஒளிபரப்புச் சந்தையில் நல்ல விலைக்குப் போகும் என்பது பல பத்தாண்டுகள் நிலவிய நடைமுறை. பி.பி.சி. மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடப்பது. உள்நாட்டு ஒளிபரப்பில் விளம்பரம் கிடையாது. ஆகவே அங்கே அரைமணி என்றால் ஏறக்குறைய அரைமணி. அமெரிக்க வணிக அலைவரிசையில் அது 22 நிமிடம்.

காசுக் கணக்கு இவ்வளவுதான். இதைக் கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்றுதான் நானும் நம்பியிருந்தேன், ‘தி ஆபீஸ்’ தொடரின் இரு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்வரை.

ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட்டும் உருவாக்கிய மூலம் 2001இல் தொடங்கியது. லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊரில் காகிதம் விற்கும் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகம். அதை ஓர் ஆவணப்படக் குழு படம்பிடிக்கிறது. மேலாளர் டேவிட் பிரெண்ட் தன்னை ஒரு வேடிக்கைக்காரன், எல்லோருக்கும் நண்பன் என்று நம்புகிறவன். இங்கும் 12 பகுதிகள், 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு பகுதிகளில் ஒரு சிறப்பு நிகழ்ச்சி, முடிந்தது. கிரெக் டேனியல்ஸின் கைவண்ணத்தில் அமெரிக்க வடிவம் 2005இல் என்.பி.சி.யில் வந்தது. ஸ்லவ் இருந்த இடத்தில் பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டன், பிரெண்ட் இருந்த இடத்தில் மைக்கேல் ஸ்காட்டாக ஸ்டீவ் கேரல். காகிதம் மட்டும் மாறவில்லை. அது 2013வரை ஓடி 201 பகுதிகளைத் தொட்டது.

அமெரிக்கத் தொடரின் முதல் பகுதி பிரிட்டிஷ் வசனங்களையே பெரும்பாலும் பின்பற்றியது. பார்க்கவே சங்கடமாக இருக்கும். அதே சொற்கள், ஆனால் உயிரில்லை. இரண்டாம் பருவத்திலிருந்து மைக்கேல் கொஞ்சம் கொஞ்சமாக வேறொருவனாகிறான். அசடுதான், ஆனால் விற்பனையில் கெட்டிக்காரன். தனிமையில் தவிப்பவன், அலுவலகத்தையே குடும்பமாக நினைப்பவன். இதைச் சமரசம் என்று சொன்ன விமர்சகர்களோடு நானும் ஒரு காலத்தில் சேர்ந்திருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். ஆறேழு மணி நேரம் உடனிருக்கும் ஒருவனை நாம் தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிடலாம். வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் வருகிறவனை எப்படியாவது மன்னித்துத்தான் ஆகவேண்டும். லண்டன் தொழிலாளி ஆல்ஃப் கார்னெட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஆர்ச்சி பங்க்கர் ஆக்கிய ‘ஆல் இன் த ஃபேமிலி’யிலும் 1971 முதல் இதுவே நடந்தது. இனவெறி பேசும் அந்த மனிதர் உட்கார்ந்த நாற்காலி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

இரு வடிவங்களிலும் ஒரே உத்தி ஒருமுறை வருகிறது. பிரிட்டிஷ் தொடரின் இரண்டாம் பருவத்தின் கடைசிப் பகுதியில், வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்ட டானைத் தனி அறைக்குள் அழைத்துச் செல்கிறான் டிம். சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றிவிடுகிறான். கண்ணாடிக்கு அப்பால் இருவரும் பேசுவது தெரிகிறது, கேட்கவில்லை. திரும்பி வந்து மைக்கை மாட்டிக்கொண்டு, அவள் மறுத்துவிட்டாள் என்று போகிறபோக்கில் தகவல் சொல்வதுபோலச் சொல்கிறான். அவ்வளவே. அமெரிக்கத் தொடரில், 2011இல் வெளியான விடைபெறும் பகுதியில், விமான நிலையத்தில் மைக்கேல் மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடக்கிறான். பாம் ஓடிவந்து அணைத்துக்கொள்கிறாள். அவர்கள் பேசுவதும் நமக்குக் கேட்பதில்லை. பிறகு பாம், அவன் வருத்தப்படவில்லை, நம்பிக்கையோடுதான் போனான் என்ற பொருளில் நமக்குச் சொல்கிறாள். அவள் சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு ஆறுதலும் அடைகிறேன்.

இதையெல்லாம் இரு நாட்டு மக்களின் குணம் என்று எழுதிவிடும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. 1960 முதல் ‘காரனேஷன் ஸ்ட்ரீட்’டை ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் பிரிட்டிஷ்காரர்கள்தானே. விளம்பரத்தின் மேல் பழி போடுவதும் முழுக்கச் சரியில்லை. பி.பி.சி. 1990இல் நான்கே பகுதிகளில் சொன்ன ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’, பின்னர் வந்த இரு தொடர்ச்சிகளையும் சேர்த்து 12தான். விளம்பரமே இல்லாமல் அதை எடுத்த நெட்ஃபிளிக்ஸில் 2018இல் முடியும்போது 73. கடைசிப் பருவத்தில் நாயகனே இல்லை. நீட்டுவது ஒரு பழக்கம். காரணம் போன பின்பும் பழக்கம் நிற்கும்.

எது மேல் என்று கேட்டால் தயங்காமல் ஸ்லவ் என்பேன். ஆனால் சோர்ந்த இரவுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஸ்கிரான்டனைத்தான். மூலத்தை முழுதாகப் பார்த்தது மூன்று முறைக்கு மேல் இல்லை. அதற்குக் காரணம், இரண்டாம் பருவத்தின் முடிவில் வேலை பறிபோன பிரெண்ட், தன்னை அனுப்பிவிட வேண்டாம் என்று மேலதிகாரிகள் இருவரிடம் கெஞ்சும் காட்சி. அதுவரை அவனைப் பார்த்துச் சிரித்த நாம் அங்கே கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. யாரும் அவனைத் தோளில் தட்டுவதில்லை, தொடரும் தட்டுவதில்லை.

அந்தக் கருணையை ஜெர்வைஸும் மெர்ச்சன்ட்டும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியின் கடைசி நிமிடங்கள்வரை பூட்டி வைத்திருந்தார்கள். அப்போதும் தருவது கொஞ்சம்தான். பழைய அலுவலகத்தின் விருந்துக்கு வரும் பிரெண்டின் பேச்சை ஒரு பெண் காதுகொடுத்துக் கேட்கிறாள். பிறகு எல்லோரும் சேர்ந்து நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும்போது அவன் ஏதோ வேடிக்கை செய்கிறான். அவர்கள் உண்மையாகவே சிரிக்கிறார்கள்.