மலைக்கு வெளியிலிருந்து வந்த தனிமை

நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பாடநூலானாலும் மேடையானாலும் சுற்றுலாக் கையேடானாலும் ஒரே வரிதான் வருகிறது: "வெளியுலகத் தொடர்பே இல்லாமல் வாழ்ந்தவர்கள்." அதன் வாலாக இன்னும் இரண்டு வரும். மாறத் தெரியாதவர்கள், காட்டைக் கெடுத்தவர்கள். அன்போடு சொல்லப்பட்டாலும் இந்த மூன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் தொடர்பு. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறிய நாளில்தான் நீலகிரியின் வரலாறு தொடங்குவதாகப் பலர் நம்புகிறார்கள். அதற்கு 700 ஆண்டுகளுக்கு முன்பே, ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் நீலகிரியின் தோடரை நடுங்கவைத்தான் என்று 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று பெருமை பேசுகிறது. 1603-ல் ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலபாரிலிருந்து ஏறி வந்து தோடரையும் படகரையும் கண்டு எழுதிவைத்தார். யாருமே அறியாத மக்களை அச்சுறுத்தியதாக எந்தப் படைத்தலைவனும் கல்லில் வெட்டிக்கொள்ள மாட்டான்.

மலைக்குள்ளே ஒருவரோடு ஒருவர் கொண்டிருந்த உறவு இன்னும் நெருக்கமானது. தோடர் எருமை வளர்த்தார்கள். அவர்களது நெய் பிறருக்குப் போனது. கோத்தர் ஆண்கள் இரும்படித்தார்கள், பெண்கள் பானை வனைந்தார்கள். படகரின் கலப்பைக் கொழுவும் அரிவாளும் கோத்தரின் உலையில் பிறந்தவை. அதற்குக் கூலியாக அறுவடையில் தானியம் வந்தது. தோடர் வீட்டுச் சாவுக்குக் கோத்தரின் குழலும் பறையும் வேண்டியிருந்தது. குறும்பர் காட்டிலிருந்து தேனும் கூடையும் கொண்டுவந்தார்கள், படகர் ஊர்களில் விதைப்புக்கும் அறுப்புக்கும் முதற்சடங்கு செய்தார்கள். இதெல்லாம் பரம்பரை உறவு. இன்ன வீட்டுக்கு இன்ன கோத்தர் என்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. எல்லாம் இனிமையாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஏவல், சூனியம் என்ற சந்தேகத்தில் குறும்பர் கொல்லப்பட்டதும் இதே மலையில்தான். ஆனால் ஒருவரையொருவர் அஞ்சுவதற்கும் நெருங்கி வாழ்ந்திருக்க வேண்டும்.

பிறகு கடைத்தெருவில் ஆலை இரும்பு வந்தது, கோத்தரின் உலைக்கு வேலை குறைந்தது. 1882-ல் வந்த சென்னை வனச் சட்டம் காட்டை அரசின் ஒதுக்குக் காடாக்கி, மேய்ச்சலையும் விறகையும் தேனையும் அதிகாரியின் அனுமதிக்கு உட்படுத்தியது. நாம் இன்று 'மரபான தனிமை' என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஒன்றரை நூற்றாண்டில் உண்டாக்கப்பட்டது.

அடுத்து, மாறத் தெரியாதவர்கள் என்ற பேச்சு. மலையை விட்டு இறங்கிப் பார்த்தால், இதற்கு மறுப்பாக இருளரே போதும். சென்னைக்குத் தெற்கே சமவெளியில் வாழும் இருளர்கள் பாம்புத்தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்துவந்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்தப் பிழைப்பு நின்றது. 1978-ல் கூட்டுறவுச் சங்கம் கண்டு, அதே கைத்திறனை நஞ்செடுக்கத் திருப்பினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்சு எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான நஞ்சின் பெரும்பகுதி இவர்கள் எடுத்துத் தருவது. 2017-ல் ஃப்ளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. புற்றின் வாயில் கிடக்கும் தடம் பார்த்து உள்ளே எது இருக்கிறதென்று சொல்லும் அறிவு பழையது, அதை வைத்துக் கட்டிய தொழில் புதியது.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் என்னை அதிகம் வருத்துவது. தோடர் தீவைத்தும் எருமை மேய்த்தும் சோலைக் காட்டை அழித்ததால்தான் நீலகிரியில் புல்வெளி உண்டானது என்கிறார்கள். சூழலியலாளர் ராமன் சுகுமார் குழுவினர் 1993-ல் வெளியிட்ட ஆய்வு நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணைப் படித்துப் பார்த்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்து வறட்சியில், இங்கே புல்லே ஓங்கியிருந்தது என்பது அதிலிருந்து தெரிகிறது. தோடரின் குடியிருப்புகளான மந்துகள் எழும் முன்பே மலையில் புல் இருந்தது.

அந்தப் புல்வெளியைத் 'தரிசு' என்று எழுதிவைத்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் நிறுத்தவில்லை, ஆலைகளுக்கு மரம் வேண்டுமென்று இன்னும் நட்டோம். இன்று சீகை தானாகவே பரவி எஞ்சிய புல்லையும் மூடுகிறது. எருமைக்கு மேய்ச்சல் போனது, மந்தை சுருங்கியது. தோடரின் சமயமே எருமையையும் பால்மனையையும் சுற்றி அமைந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் எவ்வளவு போனது என்று புரியும்.

சிலர் கேட்கலாம்: பழங்குடிகளுக்குக் காட்டின் மீது உரிமை கொடுத்தால் காட்டு விலங்கு என்னாகும்? பக்கத்திலேயே பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. 2011-ல் புலிகள் காப்பகமான அந்தக் காட்டில், அதே ஆண்டு, 2006 வன உரிமைச் சட்டப்படி அங்கு வாழும் சோலிகர் பழங்குடியினரின் சமூக உரிமை ஏற்கப்பட்டது. அங்கே சோலிகரும் இருக்கிறார்கள், புலியும் இருக்கிறது.

நீலகிரியிலோ, தோடர் பால்மனைக் கோயிலுக்குக் கூரை வேய வேண்டுமென்றால் சதுப்பில் வளரும் ஒருவகைப் புல் வேண்டும், வேறெதுவும் ஆகாது. கூரை மாற்றும் காலம் வந்தால் ஆண்கள் கூட்டமாகப் புறப்படுகிறார்கள். முன்பு மந்துக்கு அருகிலேயே கிடைத்த புல்லைச் சீகைக் காடுகளுக்கு இடையே எஞ்சிய சதுப்புகளில் தேடிக் கண்டு அறுத்து, தலைச்சுமையாகக் கொண்டுவருகிறார்கள்.