வசவு விழும் இடத்தில் புத்தாக்கமா?

ஒன்றிய ஆட்சியாளர்களுக்கும் பெருமுதலாளிகளுக்கும் இப்போது மிகவும் பிடித்த சொல் ‘புத்தாக்கம்’. 2016 ஜனவரியில் ‘ஸ்டார்ட் அப் இந்தியா’ தொடங்கப்பட்டது முதல் அதை முழங்காத மேடை இல்லை. புத்தாக்கம் செய்ய வேண்டிய ஊழியர் எப்படி நடத்தப்படுகிறார் என்பதை மட்டும் அந்த மேடைகள் பேசுவதில்லை.

2023 ஜூனில் கொல்கத்தாவில் தனியார் வங்கி ஒன்றின் மேலதிகாரி, இணையவழி ஆய்வுக் கூட்டத்தில் தமக்குக் கீழ் பணிபுரிவோரைக் கூச்சலிட்டு வசைபாடிய காணொளி நாடெங்கும் பரவியது. காப்பீட்டு பாலிசிகளைப் போதிய எண்ணிக்கையில் விற்கவில்லை என்பதே அவர்கள் செய்த குற்றம். அவரைப் பணியிடைநீக்கம் செய்தது வங்கி. ஆனால், அவரை அப்படிக் கூவ வைத்த இலக்கு முறை எல்லா வங்கிகளிலும் அப்படியே இருக்கிறது.

அன்றாடம் மக்களைச் சந்திக்கும் கிளை ஊழியருக்குத்தான் எந்தத் திட்டம் அவர்களுக்குப் பயன்படும், எது ஏமாற்று என்பது தெரியும். அதை வாய்திறந்து சொன்னால் ‘வேலை செய்ய மனமில்லாதவர்’ என்ற பட்டம் கிடைக்கும். ஆகவே அவர் தலையாட்டுகிறார்; கடன் கேட்டு வந்தவரின் தலையில் பாலிசியைக் கட்டுகிறார்; எண்ணிக்கையை நிரப்புகிறார். மென்பொருள் நிறுவனத்திலும் இதே கதைதான். பிழையைக் கண்டவர் அதைச் சொல்ல அஞ்சுகிறார். பத்து முறை தவறி ஒரு முறை அமைவதுதான் புதிய யோசனை. ஒவ்வொரு தவறுக்கும் அவமானமே விலை என்றால் யார் முயல்வார்?

இது சில மேலாளர்களின் குணக்கேடு என்று சொல்லி மனிதவளத் துறைகள் பயிலரங்கு நடத்துகின்றன. (யோகா வகுப்பும் உண்டு.) குணக்கேடு எங்கிருந்து வருகிறது? வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி. எல் அண்ட் டி தலைவரோ 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்க முடியவில்லையே என்றும் வருந்தினார். மேலே இருப்பவர் ஊழியரை மணிக்கணக்காக மட்டுமே பார்க்கும்போது, இடையில் நிற்கும் மேலாளர் சாட்டையாகத்தான் இருப்பார்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013இல் சட்டம் வந்தது. வசவுக்கும் அவமதிப்புக்கும் எதிராகத் தனிச் சட்டம் இல்லை. 100 பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்குப் பொருந்திய நிலையாணைகளையும், 300 பேர் இருந்தால்தான் என்று மாற்றிவிட்டது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. கர்நாடக அரசு தகவல் தொழில்நுட்பத் துறைக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்தே திரும்பத் திரும்ப விலக்களித்து வந்துள்ளது. 2024இல் அங்கு நாளொன்றுக்கு 14 மணி நேர வேலை என்ற யோசனை வந்தபோது தெருவில் இறங்கி எதிர்த்தது ஊழியர்களின் சங்கமான கே.ஐ.டி.யு.

இந்த விலக்குகள் ரத்தாக வேண்டும். நிலையாணைகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்த வேண்டும். தாமதமாக வரும் ஊழியரின் நடத்தைக்கேட்டைப் பட்டியலிடும் அவற்றில், மேலாளரின் வசைமொழியும் நடத்தைக்கேடாக இடம்பெற வேண்டும். அதை விசாரிக்கும் குழுவில் சங்கம் அமர வேண்டும்.