பரிசாக வந்த வீடும் பாட்டுக்கு வாய்க்காத வீடும்

பங்குனி பிறந்துவிட்டால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், அலங்காநல்லூர் என மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் சுவர்தோறும் திருவிழா அறிவிப்புகள் முளைக்கும். முளைப்பாரி, வள்ளி திருமண நாடகம் ஆகியவற்றுக்குக் கீழே இசையரங்கு ஒன்றும் இருக்கும். முன்பெல்லாம் பாடுவோர் பெயருக்கு முன்னே அவரவர் ஊர்ப்பெயர் நின்றது. பரவை முனியம்மா என்றபோது வையைக் கரையிலுள்ள பரவை என்னும் ஊரும் உடன்சேர்ந்து பெயர் பெற்றது. இன்று அவ்விடத்தில் 'சூப்பர் சிங்கர் புகழ்' என்னும் அடைமொழி வந்து அமர்ந்திருக்கிறது. ஊர் போயிற்று, தொலைக்காட்சி வந்தது. வந்ததும் ஆங்கிலப் பெயரோடு வந்தது. தமிழர் பாடித் தமிழர் கேட்கும் போட்டிக்குச் சூட்ட ஒரு தமிழ்ச்சொல் கிடைக்கவில்லையாம்!

பெயரைக் கடிந்துவிட்டு அமைந்துபோவது எளிது. ஆயின் அப்போட்டியால் விளைந்ததையும் நடுநின்று நோக்குதல் வேண்டும். விசய் தொலைக்காட்சி 2006-இல் தொடங்கிய அப்போட்டியின் ஆறாம் சுற்றில், 2018-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், முடிசூடியவர் செந்தில்கணேசு. புதுக்கோட்டை மாவட்டத்துக் களபம் என்னும் சிற்றூரினர். அவர்தம் மனைவி இராசலட்சுமி திண்டுக்கல்லைச் சேர்ந்தவர். அவரும் அதே போட்டியில் பாடினார். இருவரும் அவ்வரங்கில் ஏறுமுன்பே ஊர்மேடைகளில் நாட்டுப்பாடல் பாடித் தேர்ந்தவர்கள். ஏனையோர் திரைப்பாடல்களைத் திருப்பிப் பாடிக் காட்டிய அரங்கில் அவர்கள் வயலும் வரப்பும் அறிந்த பாட்டைக் கொண்டுவந்து பாடினர். நாடு அவர்கள் பக்கம் திரும்பிற்று.

இதனைத் தற்செயல் எனல் பொருந்தாது. திரைப்பாட்டைப் பாடுவோர் எவ்வளவு திறம்படப் பாடினும், முதலிற் பாடியவர் குரலோடு ஒப்பிட்டே அளக்கப்படுவர். மூலக்குரலுக்கு எவ்வளவு நெருங்கி வந்தார் என்பதே அங்கு மதிப்பெண். நாட்டுப்பாடலுக்கு அத்தகைய மூலக்குரல் இல்லை. பாடுகின்றவரே அதற்கு முதல்வர். செந்தில்கணேசு இணையர் போட்டியாளராக உள்ளே போகும்போதே தனிப்பாடகராகப் போனார்கள். அதுவே அவர்கள் வென்றதற்கு ஏது.

நாட்டுப்பாடல் என்றாலே கொச்சை என்று முகஞ்சுளிக்கும் புலவர் சிலர் தமிழன்பர் நடுவிலும் உளர். அன்னார் தொல்காப்பியச் செய்யுளியலைப் புரட்டிப் பார்ப்பாராக. அங்கே பண்ணத்தி என்று ஒருவகைப் பாட்டு குறிக்கப்பட்டுள்ளது. அது மக்கள் வாயில் வழங்கிய இசைப்பாட்டே. ஆங்கிலமும் தமிழும் கலந்து குழைத்த திரைப்பாட்டைவிட, நாற்றுநடும் பெண்ணின் பாட்டில் நூறு மடங்கு தூய தமிழ் இருக்கிறது. ஒலிப்பும் அப்படியே. சுருதி சற்று விலகினாலும் சுட்டிக்காட்டும் நடுவர், ழகரம் யகரமாகவும் ளகரமாகவும் தேய்வதைக் கேட்டும் கேளாதார்போல் இருப்பது ஏனோ? 1922-இல் மதுரையிற் பிறந்து, வீட்டில் சௌராட்டிர மொழி பேசி வளர்ந்த டி.எம். சௌந்தரராசன், தமிழ்ச்சொல்லை எத்துணைத் திருத்தமாக ஒலித்தார் என்பதைத் தமிழுலகம் அறியும். நாக்குப் பழகினால் வாராதது இல்லை.

பாட்டுப் போட்டி தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டுப் பயிற்சிக்குப் பின் மன்னன் அவையேறித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். (2015-இல் அதே தொலைக்காட்சியின் சிறுவர் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற, கனடாவில் வாழும் ஈழத்தமிழ்ச் சிறுமி செசிக்கா, தனக்குக் கிடைத்த ஒரு கிலோ பொன்னையும் ஆதரவற்ற குழந்தைகட்கு அளித்தாள். மாதவியும் மகிழ்ந்திருப்பாள்.) மதுரைக்கோ நடுவரைப் பற்றிய கதையே தனியாக உண்டு. பரஞ்சோதியாரின் திருவிளையாடலில் பாணபத்திரரின் மனைவியும் ஈழத்துப் பாடினி ஒருத்தியும் பாண்டியன் அவையில் இசைவாது புரிகின்றனர். மன்னன் முன்னரே முடிவு செய்துகொண்டு ஒருபக்கம் சாய்கிறான். அவையோரும் ஆமாம் போடுகின்றனர். தொன்மக்கதைதான் என்று தள்ளினும், நடுவர் கோணினால் பாட்டு தோற்கும் என்னும் பட்டறிவு அதனுள் இருக்கிறது.

இனி வெற்றிக்குப் பின் நடந்ததைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2002-இல் நடந்த 'அமெரிக்கன் ஐடல்' என்னும் போட்டியில் முதன்முதலாக வென்றவர் கெல்லி கிளார்க்சன் என்னும் இளம்பெண். அவருக்குக் கிடைத்த பரிசு இசைத்தட்டு ஒப்பந்தம். மறு ஆண்டே அவர் பெயரால் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அந்நாட்டில் பாடகர் என்பவர் தம் பெயரில், தம் பாட்டோடு நிற்பவர். திரைப்படத்தின் வாயிலில் அவர் காத்துக் கிடக்க வேண்டுவதில்லை. அங்கும் வணிகமே ஆள்கிறது, ஐயமில்லை. எனினும் பாடியவரை மக்கள் பெயர் சொல்லித் தேடுகின்றனர்.

செந்தில்கணேசுக்குக் கிடைத்தது 50 இலக்கம் உருவா மதிப்புள்ள வீடு. எளிய குடும்பத்துக் கலைஞர்க்கு வீடு கிடைத்ததில் எவர்க்கும் மனக்குறை இருத்தல் ஆகாது. ஆனால் அவர்தம் பாட்டுக்கு எந்த வீடு கிடைத்தது? செல்ல தங்கையா யாத்து, இவ்விணையர் அரங்கிற் பாடிப் பரப்பிய 'சின்ன மச்சான்' பாட்டு, 2019 சனவரியில் வெளிவந்த 'சார்லி சாப்ளின் 2' என்னும் திரைப்படத்துக்குள் சென்றது. அதே திங்களில் 'விசுவாசம்' படத்திலும் இருவரும் பாடினர். பிறகு 2021-இல், தெலுங்கில் ஆக்கிய 'புட்பா' என்னும் படத்தின் 'சாமி சாமி' பாட்டைத் தமிழில் பாடும் வாய்ப்பு இராசலட்சுமிக்கு வந்தது. பட்டிதொட்டியெல்லாம் அது ஒலித்தது. தெலுங்கு மெட்டின் வாயசைவுக்கு ஏற்பச் சொல் பொருத்திய பாட்டுக்குக் குரல் கொடுத்தபோதே அவர் புகழ் உச்சிக்கு ஏறிற்று என்பதை எண்ணும்போது நெஞ்சம் நோகிறது. குற்றம் அவர்மீது இல்லை. பாடிப் பிழைப்போர்க்கு இந்நாட்டில் திறந்திருக்கும் பெருவாயில் அஃது ஒன்றே.

இவர்கட்கு முன்னும் கதை இதுவே. பரவை முனியம்மா நெடுங்காலம் கோயில் விழாக்களிற் பாடினார், எவரும் கண்டுகொள்ளவில்லை. 2003-இல் 'தூள்' படத்தில் தோன்றிப் பாடிய பின்னரே தமிழ்நாடு அவரை அறிந்தது. அப்புகழும் அவரைக் கடைசிவரை காக்கவில்லை. நோயும் வறுமையும் வருத்த, அரசு உதவித்தொகை அறிவிக்கும் நிலை நேர்ந்தது. 2020 மார்ச்சுத் திங்களில் மறைந்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திற் பணியாற்றியவாறே ஊரூராய்ச் சென்று பல்லாயிரம் நாட்டுப்பாடல்களைத் திரட்டியும் பாடியும் பரப்பியவர் விசயலட்சுமி நவநீதகிருட்டிணன். கணவரும் அப்பணியில் உடனின்றார். செந்தில்கணேசு முடிசூடிய அதே 2018-இல்தான் அவ்வம்மையார்க்குப் பதுமசிரீ விருதும் வந்தது. அவ்விருதைப் பற்றி எத்தனை இல்லங்களில் பேசினர்? தொலைக்காட்சி முடிசூட்டைப் பற்றிப் பேசாத இல்லம் எது?

இதில் இழப்பு பாடகர்க்கு மட்டுமன்று. நாட்டுப்பாடலில் உழைப்பாளி பெயர் இல்லை. ஆகவே எடுப்பார் எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் வருவாயில் பங்கு உண்டென்கிறது. பாட்டியிடம் கேட்ட பாட்டை மேடையேற்றியவர் இவ்விரு பெயர்களில் எதிலும் அடங்கார். திரைப்படம் அப்பாட்டின் இரண்டு அடியை எடுத்து, இடையே ஆங்கிலச் சொல் நான்கைச் செருகி வெளியிட்டால், சின்னாட்களில் அந்தத் திரிந்த வடிவமே சிற்றூர்க் குழந்தையின் வாயில் ஏறுகிறது, மூலம் அழிகிறது. திருவிழா மேடையில் பாட்டி பாடிய சொல்லைப் பெயர்த்தி திரைப்பாட்டாகத் திருப்பித் தருகிறாள்!

மதுரையில் தமிழிசைச் சங்கம் இருக்கிறது. தல்லாகுளத்தில் முத்தையா மன்றம் இருக்கிறது. அரசு நடத்தும் சித்திரைப் பொருட்காட்சி இருக்கிறது, பல்கலைக்கழகமும் இருக்கிறது. இவை சேர்ந்து தமிழ்ப்பெயரில், தமிழ்ப் பேச்சில் ஒரு பாட்டுப் போட்டியை நடத்தலாகாதா? நடுவருள் ஒருவர் தமிழாசிரியராக, ஒலிப்பைத் திருத்துபவராக இருக்கட்டும். திரைப்பாட்டுக்கு இடமில்லை என்று முன்னரே சொல்லிவிடலாம். வென்றவர்க்கு வீடு தரப் பணம் வேண்டும். பத்துப் பாட்டைப் பதிந்து, அவர் பெயரும் ஊர்ப்பெயரும் பொறித்து, உரிமையை அவர்க்கே எழுதிக்கொடுத்து வெளியிட அத்துணைப் பணம் வேண்டா. இணையத்தில் வலையொளியாக இட்டால் கனடாவிலும் மலேசியாவிலும் உள்ள தமிழர் அன்றே கேட்பர். அடுத்த பங்குனியில் விழாக் குழுவினர் அப்பாடகரையே அழைக்கலாம்; அறிவிப்பில் அவர் பெயருக்கு முன்னே அவர் ஊரை மட்டும் அச்சிட்டாற் போதும்.