பெரியநாயகியின் சேலை

தேம்பாவணியைப் பற்றி இலக்கியக் கூட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே வியப்புதான் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்படுகிறது. இத்தாலியில் பிறந்த ஒருவர் முப்பது வயதுக்குப் பிறகு தமிழ் கற்று, 36 படலங்களில் 3615 பாடல்கள் கொண்ட காப்பியம் செய்தாரே என்பது. வியப்பு நியாயமானதே. ஆனால் கம்மாபுரத்தில் வளர்ந்த எங்களுக்கு வீரமாமுனிவர் புலவராக அறிமுகமாகவில்லை. மாதாவுக்குச் சேலை உடுத்தியவராகவே அறிமுகமானார்.

ஜனவரித் திருவிழாவுக்கு விருத்தாசலம் சென்று, அங்கே பேருந்து மாறிக் கோணான்குப்பம் போவோம். விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயில் அம்மனின் பெயர் பெரியநாயகி. கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் கட்டிய கோயிலின் மாதாவுக்கும் அதே பெயர். தமிழ்ப்பெண்போல் சேலை உடுத்திய அந்தச் சுரூபம் மணிலாவில் செய்யப்பட்டு வந்தது என்பார்கள். அம்மா புதுநெல் ஒரு படியை மெழுகுவர்த்திகளோடு கொண்டுவந்து வைப்பார். மாடு நோயின்றி ஈனவேண்டும், முந்திரி பூத்தது உதிராமல் காய்க்கவேண்டும், அக்காவுக்கு வரன் அமையவேண்டும் என்பவையே எங்கள் வேண்டுதல்கள். படித்தவர்கள் இவற்றைச் சில்லறை வேண்டுதல்கள் என்று நகைக்கலாம். விசுவாசம் அன்றாட வாழ்வுக்குள் இறங்கியதன் அடையாளமாகவே நாங்கள் அவற்றைக் காண்கிறோம். அந்தச் சேலைமீது எங்களுக்கு இன்றும் தீராத பிரியம்.

ஆயினும், ஊர்வழக்கத்துக்குக் கதவு திறந்தபோது சேலை மட்டும் உள்ளே வரவில்லை.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தொடங்கிவைத்த வாதம் ஒன்று உண்டு. குடுமியும் சந்தனமும் பூணூலும் சமூக வழக்கங்கள், சமயத்தைச் சேர்ந்தவையல்ல. ஆதலால் கிறிஸ்தவர் அவற்றைக் கைவிட வேண்டியதில்லை என்பது. வீரமாமுனிவர் வந்து சேர்ந்ததும் இந்த மதுரை மிஷனில்தான். அழகான வாதம், தேம்பாவணியே அதன் விளைவு என்றுகூடச் சொல்லலாம். அதே வாதத்தின் நிழலில் சாதியும் ‘சமூக வழக்கம்’ ஆயிற்று. 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் பல வழக்கங்களைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட நோயாளிகளின் வீட்டுக்குள் சென்று திருவருட்சாதனங்கள் வழங்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்பதும் அவ்வாணையில் இருந்தது. அதாவது மறுத்துக்கொண்டிருந்தார்கள்! நாற்பதாண்டு வழக்காடலுக்குப்பின் 1744இல் கிடைத்த தீர்வு, அம்மக்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்துவது. மறு ஆண்டே புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் இரு தரப்பையும் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டதையும், அதனால் எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. எங்கள் தாத்தா உபதேசியார். வீரமாமுனிவர் 1727இல் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ அவரைப் போன்றவர்களுக்கான நூல்தான். தாத்தா அதைப் படித்திருந்தாரா என்று கேட்கத் தோன்றியதே இல்லை. சாமியார் வராத நாள்களில் செபம் சொல்வதும், சாகக் கிடப்பவர் அருகே இரவெல்லாம் அமர்ந்திருப்பதும், அடக்கத்துக்குச் சிலுவை ஏந்தி முன்னே நடப்பதும் அவர் பணி. சேரி வீடுகளுக்குள்ளும் தயங்காமல் போவார். சில வேளைகளில் அங்கே தண்ணீர் வாங்கிக் குடித்ததற்காகப் பாட்டி சண்டையிட்டதுண்டு. ஆனால் ஊருக்கு ஒரு தூம்பா, சேரிக்கு ஒரு தூம்பா இருந்தன. கல்லறைக்குப் போகும் வழி ஓர் ஆலமரத்தடியில் இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் எங்களுக்கு, வலப்பக்கம் அவர்களுக்கு. இரண்டு வழியிலும் சிலுவையோடு நடந்தவர் தாத்தா ஒருவர்தான். ஏன் இப்படி என்று கேட்டபோது, “அது ஊர் வழக்கம்பா, வேதத்துல இல்ல” என்றார். நொபிலியின் வாதம் முந்நூறு ஆண்டுகள் கடந்து எங்கள் திண்ணைக்கு வந்திருந்ததை அப்போது நாங்கள் அறியவில்லை.

2008 மார்ச் 9இல் எறையூரில் நடந்தது வாசகர் பலருக்கு நினைவிருக்கலாம். எறையூரும் கோணான்குப்பமும் ஒரே மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. தனிப்பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான மோதலில் போலீஸ் சுட்டதில் இருவர் மாண்டனர். அந்நாள்களில் எங்கள் உறவினர்கள் பேசியது காதில் இருக்கிறது. “தனிக்கோயில் கேட்டு சபையைப் பிரிக்கிறார்கள்” என்றார்கள். தனிக் கல்லறையால் பிரியாத சபை தனிக்கோயிலால் பிரிந்துவிடுமாம்!

தமிழ்ப் பண்பாட்டில் கிறிஸ்தவம் கரைந்த அழகைப் பாராட்டி நாம் எழுதும் கட்டுரைகளில் இந்தப் பக்கம் ஏறக்குறைய எப்போதும் விடுபட்டுப் போகிறது. வீரமாமுனிவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கமன்று. சேலையைக் கொண்டாடும்போது ஆலமரத்தடியையும் சேர்த்து எழுதவேண்டும் என்கிறோம். எழுதாமல் விட்டதில் எங்களுக்கும் பங்குண்டு.

தாத்தா இறந்தபோது சேரியிலிருந்து எல்லோரும் வந்தார்கள். அவர் செபம் சொல்லி அடக்கம் செய்தவர்களின் பிள்ளைகள். தூம்பாவின் பின்னால் அழுதபடி ஆலமரம் வரை நடந்தார்கள். அங்கே, யாரும் சொல்லாமலே, நின்றுவிட்டார்கள். நாங்கள் இடப்பக்கம் திரும்பினோம். வாருங்கள் என்று எங்களில் ஒருவரும் அழைக்கவில்லை.