அவையைத் திறந்த தெரு

ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தை மூடுவதற்கு ஒரேயொரு கையொப்பம் போதும். அதை மீண்டும் திறப்பதற்கு மக்கள் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அண்டை நாடான நேபாளத்தின் வரலாறே போதும்.

1960 டிசம்பரில் மன்னர் மகேந்திரா, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார், பிரதமர் பி.பி. கொய்ராலாவைச் சிறையில் அடைத்தார். அதைத் தொடர்ந்து அரசியல் கட்சிகள் தடை செய்யப்பட்டன. பஞ்சாயத்து முறை என்ற பெயரில் நடந்த அரண்மனை ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1990-ல் மக்கள் இயக்கம் வெற்றி பெற்ற பிறகே பலகட்சி ஜனநாயகம் அங்கு திரும்பியது.

அந்தப் பாடத்தை மகேந்திராவின் மகன் ஞானேந்திரா கற்றுக்கொள்ளவில்லை. 2002 மே மாதம், பிரதமர் ஷேர் பகதூர் தேவுபாவின் பரிந்துரையை ஏற்று அவர் பிரதிநிதிகள் சபையைக் கலைத்தார். மாவோயிஸ்ட் கிளர்ச்சி தீவிரமாக இருந்த நேரம் அது. அறிவிக்கப்பட்ட தேர்தல் நடைபெறவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், தேர்தலை நடத்தத் தவறிவிட்டார் என்று கூறி தேவுபாவையே மன்னர் பதவிநீக்கம் செய்தார். அதன்பின் பிரதமர்களை நியமிப்பதும் நீக்குவதும் அரண்மனையின் அன்றாட அலுவலாயிற்று. 2005 பிப்ரவரி 1-ஆம் தேதி, ஆட்சி முழுவதையும் மன்னர் தன் கையில் எடுத்துக்கொண்டார். தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. தலைவர்கள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர். பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. இவற்றையெல்லாம் எதிர்த்துக் கேள்வி கேட்க ஓர் அவை இல்லை என்பதே மன்னரின் துணிவுக்குக் காரணம்.

2005 நவம்பரில் ஏழு கட்சிக் கூட்டணியும் மாவோயிஸ்டுகளும் தில்லியில் 12 அம்ச உடன்பாடு கண்டனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. நான்கு நாள்களுக்கு என்று அறிவிக்கப்பட்ட போராட்டம் பத்தொன்பது நாள்கள் நீடித்தது. ஊரடங்கு உத்தரவை மீறி, காத்மாண்டுவைச் சூழ்ந்திருக்கும் வட்டச் சாலையில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் அரசு ஊழியர்களும்கூட வீதிக்கு வந்தனர். பாதுகாப்புப் படையினரின் நடவடிக்கைகளில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அந்தப் போராட்டத்தின் உச்சம் ஏப்ரல் 21. நிர்வாக அதிகாரத்தை மக்களிடமே திருப்பித் தருவதாக அறிவித்த மன்னர், பிரதமர் பதவிக்கு ஒருவரைப் பரிந்துரைக்குமாறு கட்சிகளைக் கேட்டுக்கொண்டார். நாற்காலி மட்டுமே குறியாக இருந்திருந்தால் போராட்டம் அன்றே முடிந்திருக்கும். அவை இல்லாமல் அமர்த்தப்படும் பிரதமர், அமர்த்தியவருக்கே கடமைப்பட்டவர். நேற்று தேவுபாவுக்கு நேர்ந்தது நாளை அவருக்கும் நேரும். இதைப் போராட்டக்காரர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். கூட்டம் கலையவில்லை, மறுநாள் இன்னும் பெருகியது. ஏப்ரல் 24 நள்ளிரவு, கலைக்கப்பட்ட சபைக்கு மீண்டும் உயிர் கொடுப்பதாக மன்னர் அறிவித்தார். ஏப்ரல் 28-ல் சபை கூடியது. அடுத்த சில வாரங்களில் அந்தச் சபையே மன்னரின் அதிகாரங்களைப் பறித்தது. 2008 மே மாதம் அரசியல் நிர்ணய சபை முடியாட்சிக்கே முற்றுப்புள்ளி வைத்தது.

இதில் தில்லிக்கும் ஒரு பாடம் இருந்தது. இந்தியாவின் சிறப்புத் தூதராகக் காத்மாண்டு சென்ற கரண் சிங் மன்னரைச் சந்தித்துத் திரும்பினார். ஏப்ரல் 21 அறிவிப்பை இந்தியா வரவேற்கவும் செய்தது. வீதியில் இருந்த மக்கள் அதை ஏற்கவில்லை என்று தெரிந்ததும், நேபாள மக்களின் விருப்பமே இறுதியானது என்று அவசரமாக விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. அண்டை நாட்டில் அரண்மனையோடு பேசுவது எளிது. மக்களின் மனத்தை அறிவதுதான் கடினம்.

மன்னர் போனாலும் கலைக்கும் ஆசை போகவில்லை. 2020 டிசம்பரிலும் 2021 மே மாதத்திலும் பிரதமர் கே.பி. சர்மா ஒலியின் பரிந்துரையால் சபை இருமுறை கலைக்கப்பட்டது. இரு முறையும் எதிர்ப்பு எழுந்தது. இரு முறையும் உச்ச நீதிமன்றம் சபையை மீட்டது. இரண்டாவது தீர்ப்பு, தேவுபாவைப் பிரதமராக நியமிக்க உத்தரவிட்டது. 2002-ல் சபையைக் கலைக்கப் பரிந்துரைத்த அதே தேவுபா!

முதலில் முப்பது ஆண்டுகள், பிறகு நான்கு ஆண்டுகள், அதன்பின் இரண்டே மாதங்கள். மூடிய அவை திறக்க ஆகும் காலம் இப்படிக் குறைந்துவந்ததைக் கண்டு மகிழ்ந்திருக்கலாம். ஆனால், 2025 செப்டம்பரில் காட்சி தலைகீழானது. 26 சமூக ஊடகத் தளங்களுக்கு விதிக்கப்பட்ட தடையும் ஊழல் மீதான கோபமும் இளைஞர்களை வீதிக்குக் கொண்டுவந்தன. முதல் நாளிலேயே 19 பேர் பலியாயினர். மறுநாள் நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையானது. ஒலி பதவி விலகினார். செப்டம்பர் 12-ல், முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமராகப் பொறுப்பேற்றார். சபை கலைக்கப்பட்டு, 2026 மார்ச் 5 தேர்தல் நாளாகக் குறிக்கப்பட்டது. ஒரு தலைமுறை உயிரைக் கொடுத்து மீட்ட அவையை, அடுத்த தலைமுறை கலைக்கச் சொல்லிக் கேட்டது.

இந்த இருபது ஆண்டுகளில் என்ன நடந்தது? ஒரே சில தலைவர்கள் மாறி மாறி நாற்காலியில் அமர்ந்தார்கள். கூட்டணிகள் கூடின, பிரிந்தன. அவை பதவிப் பேரத்துக்கான சந்தையாகச் சுருங்கியது. 2006-லும் உறுப்பினர்கள்மீது மக்களுக்குப் பெருமதிப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனாலும், தங்கள் குரல் ஒலிக்கும் ஒரே இடம் அதுதான் என்ற நம்பிக்கை இருந்தது. 2025-ல் எரிந்துபோனது கட்டடம் மட்டுமல்ல, அந்த நம்பிக்கையும்தான்.

தீயிடுவதை நியாயப்படுத்த முடியாது. அவை இல்லாத நாட்டில் அடுத்து வருபவர் யாராக இருப்பார் என்பதை 1960-ம் 2005-ம் காட்டியிருக்கின்றன. அதேநேரத்தில், பூட்டுப் போடாமலேயே ஓர் அவையை வெறுமையாக்கவும் முடியும். நெருக்கடி நிலையின்போது இந்திய நாடாளுமன்றம் மூடப்படவில்லை; எதிர்க்கட்சி உறுப்பினர் பலர் சிறையில் இருக்க, அது கூடிச் சட்டங்களை நிறைவேற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஓர் அவை மூடப்படும் நாளில் அதைத் திறக்க வீதிக்கு வர வேண்டியவர்கள் மக்கள்தான். அவர்கள் வருவார்களா என்பது, அவை திறந்திருக்கும் நாள்களில் உறுப்பினர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது!