கடலோரச் சுகவாசமும் காவிரிக் கரையும்

கலியாணமான கையோடு மாப்பிள்ளையும் பெண்ணும் கடலோரத்தில் நாலு தினங்கள் சுகவாசம் செய்து திரும்புவது சமீப காலத்தில் நமது நாட்டில் ஒரு சடங்கைப் போலவே ஆகி வருகிறது. முன்பெல்லாம் மறுவீட்டு விருந்து முடிந்தால் கலியாணம் முடிந்ததென்று பொருள். இப்பொழுது கோவாவுக்கோ அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ பிரயாணச் சீட்டு வாங்கிய பிறகே முடிகிறது. அவ்வளவு தூரம் போக வசதியில்லாதவர்களுக்குச் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. இவ்விடுதிகளின் விளம்பரங்களில் மெத்தையைப் பற்றியும் விருந்தைப் பற்றியும் சொல்லியிருப்பது எப்படியிருந்தபோதிலும், 'தனிக் கடற்கரை' என்ற ஒரு வார்த்தை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அந்த வார்த்தையைப் பற்றியே இன்று சில கூற விரும்புகிறோம்.

தருமபுரி ஜில்லாவைப் பற்றிப் பேச வந்தவர்கள் கடலைப் பற்றி ஏன் பேசுகிறார்கள் என்று வாசகர்கள் கேட்கக் கூடும். வாஸ்தவம். அந்த ஜில்லாவிலிருந்து கடலைக் காண வேண்டுமானால் சாலை வழியே நெடுந்தூரம் பிரயாணம் செய்தாக வேண்டும். ஆனால் விளம்பரத்துக்குத் தூரம் ஏது? பென்னாகரம் கடைத்தெருவில் நிற்கும் வாலிபனுடைய கைப்பேசியிலும் மாலத்தீவின் நீலக் கடல் தெரிகிறது. அதைக் கண்டுவிட்டு, நமது ஒகேனக்கலையும் அம்மாதிரி 'உயர்த்தி'விட்டால் ஜில்லாவுக்குப் பணம் கொட்டும் என்று சொல்லுவோர் இருக்கிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. யோசனையை மட்டும் சந்தேகிக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறோம். தம்பதிகள் சந்தோஷமாக நீர்க்கரையில் உலாவுவதை ஆக்ஷேபிப்பது நமது நோக்கமன்று. நாம் சந்நியாசிகளுக்காகப் பத்திரிகை நடத்தவில்லை. தமிழன் தன் காதலை வைத்துப் பாடியதே மலையும் காடும் வயலும் கடலுமாகிய நிலங்களில்தான். (பழைய இலக்கணக்காரர்கள் கூடலைக் குறிஞ்சிக்கும் இரங்கலை நெய்தலுக்கும் வகுத்தார்கள். அந்தக் கணக்குப்படி புது மணமக்கள் கடலைத் தேடி ஓடுவதை விட அதியமான் ஆண்ட தகடூர் மலைகளுக்கு வருவதே உசிதம். இது நிற்க.) கடற்கரை உல்லாசத்துக்குத் தமிழில் பிரசித்தமான உதாரணம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. இந்திர விழாவின் முடிவில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குச் செல்லுகிறார்கள். புன்னை மர நிழலில், சித்திரத் திரையைச் சுற்றிலும் இழுத்து, மேலே விதானங் கட்டி, கட்டிலிட்டு வீற்றிருக்கிறார்கள். தனவந்த வணிகனுக்கு அன்றும் தனிமை தேவையாகத்தான் இருந்தது. ஆயினும் இளங்கோவடிகள் காட்டும் மறைப்பு துணித்திரை. விழா முடிந்ததும் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடலாம். மறுநாள் காலையில் அதே புன்னை நிழலில் பரதவர் வலை உலர்த்துவதை யாரும் தடுக்க முடியாது. கோவலன் சிமிட்டி மதில் எழுப்பவில்லை, காவற்காரனை நிறுத்தவில்லை, கரைக்குத் தன் பெயரையும் வைக்கவில்லை.

கரை பொதுச் சொத்து என்பதற்காக இந்த நாட்டில் ஜனங்கள் அடிபட்டிருக்கிறார்கள். 1930-ம் வருஷத்து உப்புச் சத்தியாக்கிரஹம் வேறென்ன? கடல் கொடுக்கும் உப்பைக் கரையில் வாழ்பவன் குனிந்து அள்ளக் கூடாது என்றது அன்னிய சர்க்காரின் சட்டம். அவ்வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அவர்களுக்குச் சோறிட்டாலும் இடங்கொடுத்தாலும் தண்டனை என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் துரை உத்தரவு போட்டார். ஜனங்களோ மரத்தில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டு அந்த உத்தரவைப் பரிகசித்தார்கள். அந்தப் படைக்குத் தலைமை வகித்தவர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், அதாவது தருமபுரியைப் போலவே அந்தக் காலத்துச் சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த ஒரு கிராமத்தில், பிறந்தவர். கடலில்லாத சீமையில் பிறந்தவர் கடலோரத்தின் உரிமைக்காகச் சிறை சென்றார். சென்னையில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1907-ல் விபின சந்திர பாலர் பிரசங்கம் செய்தபோது மணலில் உட்காருவதற்கு எவரும் கட்டணம் வாங்கவில்லை. பிறகு திலகர் கட்டம் என்று பெயர் பெற்ற அந்த மணலே நமது ராஜதானியின் ஜனசபையாக விளங்கிற்று. அது ஒரு விடுதியின் தனிக் கடற்கரையாக இருந்திருந்தால் சுதேசிய இயக்கம் எந்தச் சந்தில் கூட்டம் நடத்தியிருக்குமோ தெரியாது.

சுயராஜ்யம் வந்த பிறகு இவ்விஷயத்தில் சட்டம் இல்லாமற் போகவில்லை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கட்டுப்பாட்டு மண்டலமாக மத்திய சர்க்கார் 1991-ம் வருஷம் பிப்ரவரியில் அறிவித்தார்கள். கிராமாந்தரக் கரைகளில் முதல் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழும்பக் கூடாது என்பது அதில் ஒரு முக்கிய நிபந்தனை. 2019-ம் வருஷம் ஜனவரியில் வந்த புது அறிவிப்போ, 2011-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப் பகுதிகளில் அந்த 200 மீட்டரை 50 ஆகச் சுருக்கி விட்டது. ஜன நெருக்கம் மிகுந்த இடத்தில் தானே மீனவனுக்குப் படகு ஏற்றவும் வலை விரிக்கவும் கருவாடு காயவைக்கவும் கரை அதிகமாக வேண்டும்? நெருக்கத்தைக் காரணங் காட்டிக் கரையைக் குறைத்த நியாயம் நமக்கு விளங்கவில்லை. வீடு கட்ட இடமில்லாமல் தவிக்கும் மீனவ குடும்பங்களுக்கு இதனால் நன்மை உண்டென்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். உண்டு, ஆனால் அந்த நிலத்துக்கு மீனவனும் விடுதி முதலாளியும் போட்டியிட்டால் விலை கொடுக்கக் கூடியவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சட்டம் ஒரு தடவை விழித்துக்கொண்ட கதையும் இருக்கிறது. கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலின் நடுவே நெடியதுருத்து என்ற சிறு தீவில் சட்டத்தை மீறிக் கட்டிய ஒரு பெரிய சொகுசு விடுதியை இடித்துத் தள்ளும்படி சுப்ரீம் கோர்ட்டு 2020-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி தீர்ப்பளித்தது. கேரள ஹைகோர்ட்டு 2013-லேயே அவ்வாறு உத்தரவிட்டிருந்தது. இடிக்கத் தொடங்கியது 2022 செப்டம்பரில். தீர்ப்புக்கும் கடப்பாரைக்கும் நடுவே இத்தனை வருஷங்கள் ஓடின. கட்டும்போதே தடுத்திருந்தால் காயலுக்கும் நஷ்டமில்லை, போட்ட முதலுக்கும் நஷ்டமில்லை. ஒகேனக்கலை உயர்த்தப் புறப்பட்டிருப்பவர்கள் இந்தச் சம்பவத்தை மறக்க வேண்டாம். அலை ஏறாத ஆற்றங்கரைக்கு மேற்சொன்ன கடற்கரை விதிகள் பொருந்த மாட்டா. கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களின் காவிரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை 2022-ல் வனவிலங்குச் சரணாலயமாக நமது மாகாண சர்க்கார் அறிவித்தது யானைக்கு ஒரு காவல். ஆற்றில் தலை முழுக வரும் ஏழைக்குக் காவல் வேறெதுவும் எழுதி வைக்கப்படவில்லை. பழக்கம் ஒன்றே காவல்.

அந்தப் பழக்கத்தின் அருமையை ஆடிப் பதினெட்டன்று ஒகேனக்கலுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸிலும் லாரியிலும் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. புதிதாய்க் கலியாணமானவர்கள் பத்திரமாய் வைத்திருந்த மணமாலையைக் கொண்டுவந்து காவிரியில் விடுகிறார்கள். பெண்கள் புது மஞ்சட்கயிறு மாற்றிக்கொள்ளுகிறார்கள். கட்டுச்சோறு அவிழ்க்கிறார்கள். கலியாணத் தம்பதிகள் நீர்க்கரைக்குப் போவதென்னும் வழக்கம் மேனாட்டிலிருந்து இறக்குமதியானதென்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நமது வழக்கத்தில் ஊரே கூடப் போகிறது என்பதுதான் வித்தியாசம். மற்ற நாட்களிலும் அங்கே வருபவர்கள் பெரும்பாலும் ஒரு நாள் கூலியை ஒதுக்கி வைத்துக்கொண்டு வருபவர்களே. எண்ணெய் தேய்த்துவிடுவோர் கையில் உடம்பைக் கொடுத்து, அருவியில் நின்று, கரையிலே வறுத்த மீனைத் தின்று, பரிசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு மாலை பஸ்ஸுக்குத் திரும்புகிறார்கள். பாறை நடுவே புகைபோல் எழும்பும் நீர்த்திவலையைக் கண்டு கன்னடத்தில் புகைக்கல் என்று பெயரிட்டார்கள். அந்தப் புகை கூலிக்காரன் மனைவியின் முகத்திலும் படுகிறது, காரில் வந்தவளுடைய முகத்திலும் படுகிறது. பரிசல் ஓட்டுபவன், மீன் வறுப்பவள், எண்ணெய் தேய்ப்பவன் ஆகிய எல்லோருக்கும் அன்றைய வரும்படி கையில் கிடைக்கிறது. பெரு விடுதி ஒன்று வந்து கரையை வளைத்துக்கொண்டால் இவர்களில் சிலருக்குச் சீருடை கிடைக்கலாம். மற்றவர்கள் வாயிற்கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

ஜலத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. காவிரி நுழையும் வாசலிலேயே இருந்தும் இந்த ஜில்லா நெடுங்காலம் புளோரைடு உப்புக் கலந்த கிணற்று நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பழுதடைந்து கிடந்தது. ஜப்பானியக் கடனுதவியுடன் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ம் வருஷம் மே மாதம் தொடங்கி வைக்கப்பட்ட பிறகே தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஆற்று நீரை வாயில் வைத்தன. அறைக்கு ஒரு நீச்சற்குளம் என்ற ரகத்து விடுதிகளை அங்கே வரவேற்பவர்கள், அந்தக் குளங்களுக்கு எந்தக் குழாயிலிருந்து நீர் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் 'தனிமை' என்ற விஷயத்தை அலட்சியமாய்த் தள்ளிவிட நாம் தயாராயில்லை. அதில் உண்மையான தேவை ஒன்று இருக்கிறது. நமது நாட்டு ஏழைத் தம்பதிகளுக்குத் தனிமை என்பது கிடைப்பதே இல்லை. ஓர் அறை வீட்டில் மாமியார், மாமனார், கொழுந்தன், ஆடு, குதிர் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு ஜோடி மனம் விட்டுப் பேசுவதெப்படி? வெளியே வந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்தால், நீ யார், அவள் யார், எந்த ஊர், எந்த ஜாதி என்று விசாரிக்க ஒருவன் வந்து விடுகிறான். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து விடுதியில் அறையெடுப்பவன் உண்மையில் வாங்குவது கடலையன்று. இந்தக் கேள்விகள் கேட்கப்படாமல் இருக்கும் சுகத்தைத்தான். பணக்காரன் விலைக்கு வாங்கக் கூடிய இந்தச் சுதந்திரம் ஏழைக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டாமா?

தருமபுரி ஜில்லாவில் இக்கேள்வி விளையாட்டான கேள்வியன்று. 2012-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ஒரு வாலிபரும் ஒரு பெண்ணும் ஜாதி மாறிக் கலியாணம் செய்துகொண்டார்கள் என்பதன் பேரில் மூண்ட கலகத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய ஆதிதிராவிடக் குடியிருப்புகளில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீயில் வெந்தன. அடுத்த வருஷம் ஜூலையில் அவ்வாலிபர் இரயில் பாதையருகே உயிரற்றுக் கிடந்தார். வயது வந்த இருவரின் விவாகத்தில் தலையிட எந்தக் கூட்டத்துக்கும் உரிமையில்லை என்றும், அப்படிப்பட்டவர்களைப் பாதுகாக்க ஜில்லாதோறும் தனிப் பிரிவு அமைக்க வேண்டும் என்றும் சுப்ரீம் கோர்ட்டு 2018 மார்ச்சு 27-ந் தேதி தெளிவாய்த் தீர்ப்புச் செய்திருக்கிறது. ஒரு ஜோடி அஞ்சாமல் கைகோத்து நடப்பதற்கு இத்தனை ஏற்பாடு தேவைப்படும் ஜில்லாவில், சொகுசு விடுதிகளுக்கு அடிக்கல் நாட்டுவது தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு வேஷ்டியை மறந்த கதைதான். அதே ஜில்லாவில் பாப்பாரப்பட்டியில்தான், உடம்பெல்லாம் நோயோடு, எல்லா ஜாதியும் மதமும் வந்து வணங்கும் பாரத மாதா ஆலயம் ஒன்றை எழுப்பப் பாடுபட்டு, 1925 ஜூலையில் சுப்பிரமணிய சிவம் காலமானார் என்பதை அங்குள்ள தேசத் தொண்டர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நாம் சர்க்காருக்கும் பென்னாகரம் வட்டாரத்து ஊழியர்களுக்கும் சொல்லுவது இதுவே. ஒகேனக்கலில் சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவேயுள்ள கரையில் ஒரு முழமேனும் தனி அனுபோகத்துக்கு விடலாகாது. தங்கும் விடுதிகள் வரட்டும், ஊருக்குள் வரட்டும். குளித்தேறும் பெண்கள் துணி மாற்றிக்கொள்ளப் போதிய அறைகளும் சுத்தமான கழிப்பிடங்களும் குடிநீர்க் குழாய்களும் துறைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பரிசல் கவிழ்ந்து உயிர்ச்சேதம் நேர்ந்த ஸ்தலமாகையால் மிதவைச் சட்டையில்லாமல் ஒருவரையும் ஏற்றலாகாது. வெள்ளத்தால் பரிசல் நிறுத்தப்படும் நாட்களில் ஓட்டிகளின் அடுப்பெரிய ஒரு நிதியும் வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஜோடிகளிடம் ஜாதி விசாரிப்பவனைப் போலீஸார் விசாரிக்க வேண்டும். போலீஸாரே அவ்விதம் விசாரிக்கிறார்கள் என்ற புகார் எழுந்தால் அதையும் கலெக்டர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இவற்றில் எதுவும் கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் காரியமன்று. வருகிற ஆடிப் பதினெட்டுக்குள் முடித்துவிடலாம்.