எழுத்தைத் தொட்டாலும் சரி விழவேணும்

ஒன்லைன் விண்ணப்பப் படிவங்களில் சரி போடுவதற்கு வரும் சின்னக் கட்டங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நாட்டில் எத்தனையோ பிரச்சினை இருக்க இதுக்கும் ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். பல்கலைக்கழகப் பதிவு, விடுதி, புலமைப்பரிசில், வங்கிக் கணக்கு, நலன்புரிக் கொடுப்பனவு என்று எல்லாமே படிவமாகி, படிவமெல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. இனி அந்தக் கட்டத்தில் சரி விழுதா இல்லையா என்பது சின்ன விசயமில்லை.

"எனக்கு விடுதி வசதி தேவை" என்று ஒரு வசனம் இருக்கு. பக்கத்தில் ஒரு கட்டம். யாராக இருந்தாலும் முதலில் வசனத்தைத்தான் தொடுவார்கள், ஏனென்றால் கண் அங்கேதான் நிற்கும். ஒன்றும் நடக்காது. கட்டத்தையேதான் தொடவேணும். உலாவி தானாகத் தரும் அந்தக் கட்டம் வழக்கமாக 13 பிக்சல் அகலம், போன் திரையில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். விரல் நுனி அதைப்போலப் பல மடங்கு. குறி தவறினால் மேலே இருக்கிற கட்டத்தில் சரி விழும், அல்லது எங்கேயும் விழாது. பெரிதாக்கி, நகர்த்தி, திரும்பவும் தொட்டு... பத்துக் கட்டம் இருந்தால் பத்துத் தரம் இந்தக் கூத்து. கை நடுங்குகிற அம்மம்மாவுக்கும், திரை வெடித்த போன் வைத்திருக்கிற பிள்ளைக்கும் இது கூத்துமில்லை, தண்டனை.

இலக்கு சிறிதாகச் சிறிதாக அதை எட்டும் நேரம் கூடும் என்பதை அமெரிக்க உளவியலாளர் போல் ஃபிட்ஸ் 1954 இலேயே அளந்து காட்டிவிட்டார். இதற்கான மருந்தும் பழசுதான். 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 இல் 'லேபல்' என்ற குறிச்சொல் இருக்கு. எங்களில் ஒருவர்கூட அப்போது பிறந்திருக்கவில்லை. கட்டத்தையும் அதற்குரிய வசனத்தையும் ஒரே லேபலுக்குள் வைத்தால் போதும். அல்லது கட்டத்துக்கு ஒரு 'ஐடி' கொடுத்து, அதே பெயரை லேபலின் 'ஃபோர்' என்ற இடத்தில் எழுதினால் போதும். அதற்குப் பிறகு வசனத்தில் எந்தச் சொல்லைத் தொட்டாலும் சரி விழும். ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம், காசு வேண்டாம், கூட்டம் போட்டுத் தீர்மானம் எடுக்கவும் வேண்டாம்.

லேபல் செய்கிற இரண்டாவது வேலைதான் எங்களுக்கு இன்னும் முக்கியம். எங்கட பீடத்தில் பார்வையற்ற நண்பர்கள் எங்களோடு படிக்கிறார்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் திரையில் உள்ளதை அவர்களுக்குச் சொல்லும். டப் விசையை அழுத்திக் கட்டம் கட்டமாகப் போகும்போது, லேபல் இருந்தால் வசனத்தையும் சேர்த்து வாசிக்கும். இல்லாவிட்டால், இங்கே ஒரு கட்டம் இருக்கு, அது வெறுமையாக இருக்கு என்ற அளவில்தான் சொல்லும். எதற்கான கட்டம்? தெரியாது. அடுத்ததும் அதே. கண்ணுக்குப் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற வசனமும் கட்டமும் கணினிக்கு ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாதவை.

அப்போது என்ன செய்வார்கள்? போனை இன்னொருவரிடம் நீட்டுவார்கள். அல்லது கொமினிகேசன் கடைக்குப் போவார்கள். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, வீட்டு வருமானம், மாற்றுத்திறன் விபரம், போனுக்கு வரும் இரகசிய இலக்கம் எல்லாம் ஒரு அந்நியருக்கு முன்னால் சத்தமாகச் சொல்லவேணும். படிவத்தின் கடைசியில் "மேற்கூறிய விபரங்கள் உண்மையென உறுதியளிக்கிறேன்" என்று ஒரு கட்டம் வரும். அந்த 'நான்' யார்? சரி போட்ட விரல் யாருடையது? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. தன் கையால் சரி போட முடியாத ஒருவரிடம் எந்தச் சம்மதத்தைக் கேட்கிறோம்?

தமிழ்ப் பக்கங்களில் பிரச்சினை இன்னும் கூட. எங்கட வசனங்கள் நீளம், போனில் மூன்று வரிக்கு மடியும். லேபல் இருந்தால் அந்த நீளமே வசதி, மூன்று வரியில் எங்கே தொட்டாலும் சரி. இல்லாவிட்டால் எந்தக் கட்டம் எந்த வரிக்கு என்பதே குழப்பம். இன்னொரு வகையும் இருக்கு: ஒரு கட்டத்தை எழுதி, அதையே கொப்பி பண்ணிப் பத்தாக்கியிருப்பார்கள், ஐடியை மாற்றாமல். ஐந்தாவது வசனத்தைத் தொட்டால் முதலாவது கட்டத்தில் சரி விழும். லேபல் இல்லாததைவிட இது மோசம்.

செய்பவர்கள் சொல்லும் சாட்டுகளையும் பார்ப்போம். வசனமெல்லாம் வேலை செய்தால் கீழே உருட்டும்போது தவறுதலாகச் சரி விழுந்துவிடும் என்பது ஒன்று. உருட்டுவதையும் தொடுவதையும் போன் பிரித்தறியும். தவறி விழுந்தாலும் அதே வசனத்தைத் தொட்டு எடுத்துவிடலாம். விதிமுறைகளுக்கான இணைப்பு வசனத்துக்குள் இருக்கே என்பது இன்னொன்று. இணைப்பை லேபலுக்கு வெளியே, அடுத்த வரியில் போடுங்கள். கட்டம் அழகாக வேணும் என்று உண்மையான கட்டத்தை முழுதாக மறைத்துவிட்டுப் படம் வரைகிறவர்களும் உண்டு. அப்படி மறைத்தால் டப் விசை அங்கே போகாது. அழகு இருக்கும், வழி இருக்காது.

இணைய அணுகல்தன்மை வழிகாட்டிகளின் 2.2 ஆவது பதிப்பு 2023 இல் வந்தது. தொடவேண்டிய இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்கவேணும் என்று அது சொல்கிறது. உலாவி தானாகத் தரும் கட்டத்துக்கு அதில் விலக்கு இருக்கு. எங்கட விரலுக்கு விலக்கு இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு இந்த நாட்டில் 1996 முதல் சட்டம் இருக்கு. ஐநா சமவாயத்தை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தினோம். அதன் 9 ஆவது உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகக்கூடியதாக்கச் சொல்கிறது. கட்டட வாசலில் சாய்தளம் கேட்கும் நாங்கள் படிவத்தின் வாசலிலும் அதையேதான் கேட்கிறோம்.

பீடமோ, திணைக்களமோ, மாணவர் சங்கமோ, படிவம் செய்யக் கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: ஒவ்வொரு கட்டத்துக்கும் லேபல் இருக்கவேணும், மூன்று மொழியிலும். காசு கொடுக்க முன்னம் தமிழ்ப் பக்கத்தைப் போனில் திறந்து, கட்டத்தை விட்டுவிட்டு வசனத்தைத் தொடுங்கள். சரி விழாவிட்டால் வேலை முடியவில்லை, திருப்பி அனுப்புங்கள்.